கிளாப் அடித்தவன் கணக்கு

2009இல் பொள்ளாச்சிப் பக்கம் நடந்த ஒரு படப்பிடிப்பில் நான் நாலாவது உதவி இயக்குநர். நாலாவது என்றால் கிளாப் அடிக்கிற ஆள். சீன் நம்பர், ஷாட் நம்பர், டேக் நம்பர் மூன்றையும் சாக்பீஸால் எழுதி, கேமராவுக்கு முன்னால் நீட்டி, ஒரு தட்டு தட்டிவிட்டு, சட்டென்று ஃபிரேமை விட்டு விலகிவிட வேண்டும். வசனத்தை முழுக்கப் பிறகு டப்பிங்கில் பேசிச் சேர்க்கிற படம் என்பதால் எண்ணை வாய்விட்டுச் சொல்லும் வேலைகூட இல்லை. முதல் இரண்டு எண்களால் தொந்தரவு கிடையாது. ஒரே ஷாட்டைத் திரும்ப எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மாறுகிற டேக் எண்தான் உயிரை வாங்கும். அழித்து எழுதி அழித்து எழுதி, எந்தச் சட்டை போட்டாலும் வலது கை ஓரம் மதியத்துக்குள் வெளுத்துவிடும்.

கேமராவுக்கும் நடிகர் முகத்துக்கும் நடுவில் போய் நிற்கிறவன் கிளாப் அடிப்பவன்தான். மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு நடிகரின் முகம் தெரியும். எனக்கு மூச்சு கேட்கும். யார் காலையில் சாப்பிடவில்லை, யார் வேனுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு விநாடியில் தெரிந்துவிடும்.

அந்தப் படத்தில் நாயகனுக்கு அத்தையாக நடித்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். ஊரைவிட்டுக் கிளம்புகிற மருமகனை வாசலில் நின்று வழியனுப்புகிற காட்சி. வசனம் மூன்றே சொல்: "போயிட்டு வா சாமி." கையில் ஒரு தண்ணீர்ச் சொம்பு. கண்ணில் நீர் திரள வேண்டும், ஆனால் கீழே விழக் கூடாது. மருமகனாக நடிக்கிற நாயகன் அன்றைக்கு வரவில்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு லைட்மேனை நிறுத்தி, அவரைப் பார்த்து அழச் சொன்னார்கள்.

17 டேக் போனது. அப்போது ஃபிலிம்தான். 400 அடி ரோல் நாலரை நிமிடம்கூட ஓடாது, ஒவ்வொரு "ஒன் மோர்"க்கும் தயாரிப்பு மேனேஜரின் முகம் ஒரு சுற்று சுருங்கும். ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது டேக்குகள் அல்ல, அவற்றுக்கு நடுவில் நடந்தவை. நாலாவது டேக் வரைக்கும் இயக்குநர் அவரை "அம்மா" என்றார். எட்டாவதில் அம்மா போய் "நீங்க" மட்டும் மிஞ்சியது. பதினொன்றில் "நீ". அதற்கு மேல் அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. "உனக்கெல்லாம் எவன் சான்ஸ் குடுத்தான்" என்பதுதான் அவற்றில் கொஞ்சம் மரியாதையான வாக்கியம். நூறு பேர் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதின்மூன்றாவது டேக்குக்கு நான் போர்டோடு போய் நின்றபோது அந்த அம்மா உதடு அசையாமல் கேட்டார்: "எத்தனையாவது தம்பி?" போர்டின் எழுத்து கேமராவைப் பார்த்திருக்கும். நடிகருக்கு அதன் முதுகுதான் தெரியும். நான் "ஒன்பதும்மா" என்றேன்.

மறுநாள் நாயகன் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து போய், "வாங்க தம்பி, சாப்ட்டீங்களா?" என்றார். குரலில் தேன்.

அந்த இயக்குநர் பெயர் வேண்டாம். கோடம்பாக்கத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு மேடையில் கொடுக்கிற பெயர் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட். டீக்கடையில் டெரர். நான் சொல்ல வந்தது அந்தப் 17ஐப் பற்றி. வளசரவாக்கத்தில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்த அறைக்குத் திரும்பிய முதல் வாரமே நான் அதை 25 என்று சொன்னேன். ஒரு வருடம் கழித்து, வேறு கம்பெனியில் வாய்ப்புக் கேட்டுப் போன இடத்தில், "சார் ஒரு ஷாட்டுக்கு நாப்பது டேக் போவாருங்க, நான்தான் கிளாப்பு" என்றேன். வேலை கிடைத்தது. போர்டில் எழுதியவனே இப்படிச் சொன்னால் கேட்டவர்கள் ஏன் நம்ப மாட்டார்கள்?

அதனால்தான் ஹாலிவுட் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 127ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த போர்டைப் பிடித்திருந்த பையனின் ஞாபகம் வரும். 'தி ஷைனிங்' படத்தில் ஷெல்லி டுவால் பேஸ்பால் மட்டையை வீசிக்கொண்டே மாடிப்படியில் பின்னோக்கி ஏறுவார், ஜாக் நிக்கல்சன் அவரை நெருங்கிக்கொண்டே வருவார். அந்தக் காட்சிக்கு 127 டேக் என்று கின்னஸ் புத்தகம் வரைக்கும் போய்விட்டது. ஆனால் அந்தப் படத்தில் ஸ்டெடிகேமை உடம்பில் மாட்டிக்கொண்டு படம்பிடித்த காரெட் பிரவுன் அதை ஒப்புக்கொள்ளவில்லை, 35லிருந்து 45க்குள்தான் இருக்கும் என்கிறார். கேமராவைச் சுமந்தவர் அவர். ஒரு டேக் கூடினாலும் அவர் முதுகுக்குத் தெரியும். நான் அவர் பக்கம்.

45 என்பதும் சின்ன எண் இல்லை. லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் 1978 மே மாதம் தொடங்கிய படப்பிடிப்பு ஏறக்குறைய ஒரு வருடம் நடந்தது. ஒரு பெண் பயந்து அழுகிற காட்சிகளை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நமக்கு ஒரு சாட்சி இருக்கிறது. குப்ரிக்கின் மகள் விவியன், பதின்வயதுப் பெண், அந்தப் படப்பிடிப்பையே ஒரு சிறிய ஆவணப்படமாக எடுத்தார். 1980இல் பிபிசியில் வந்தது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. எண்ணினாலும் கூட்டித்தான் சொல்வேன்.

அதில் ஓர் இடம். பனிக்குள் கதவைத் திறந்துகொண்டு டுவால் வெளியே வர வேண்டும். சைகை காதில் விழாததால் தாமதமாக வருகிறார். எல்லோருடைய நேரத்தையும் வீணாக்குகிறாய் என்று குப்ரிக் கடிந்துகொள்கிறார். இன்னோர் இடத்தில் டுவால் கொத்தாக உதிர்ந்த தன் தலைமுடியைக் காட்டுகிறார். அவளுக்கு அனுதாபம் காட்டாதீர்கள் என்கிற தொனியில் குப்ரிக் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். கத்தவில்லை, கெட்ட வார்த்தை இல்லை. பொள்ளாச்சியில் நான் கேட்டதோடு ஒப்பிட்டால் இது தாலாட்டு. ஆனாலும் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. அதே படத்தில் நிக்கல்சன் கோடரியோடு குதித்துக் குதித்துத் தன்னைச் சூடேற்றிக்கொள்கிறார். அவரைச் சுற்றி இருக்கும் காற்றே வேறாக இருக்கிறது.

சரி, கலைக்காக அப்படி இருக்க வேண்டியிருந்தது, பயந்த முகம் வேண்டும் என்றால் பயமுறுத்தத்தானே வேண்டும் என்று வாதாடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாதாடினேன். அந்த வாதம் எனக்கு உடைந்தது அதே படத்தில் நடித்த சிறுவனால்தான். டேனியாக நடித்த டேனி லாய்டுக்குப் படப்பிடிப்பின்போது ஐந்தாறு வயது. தான் நடிப்பது பேய்ப்படம் என்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். டுவால் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிக்கல்சனைப் பார்த்துக் கத்துகிற காட்சி ஒன்று உண்டு. அதில் அவர் தூக்கியிருப்பது பையனை இல்லை, ஆளுயரப் பொம்மையை. அந்தக் கத்தல் குழந்தையின் காதில் விழக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

அப்படியும் அந்தப் பையன் எப்படி நடித்திருக்கிறான்! பயத்தில் உறைந்த அந்த முகத்தைப் பார்த்துத்தானே நாம் பயப்படுகிறோம். பயமே தெரியாமல் பயந்த முகத்தை எடுக்கிற வித்தை அந்த மனிதருக்குக் கை வந்திருக்கிறது. ஒரே படம், ஒரே கேமரா, ஒரே மனிதர். ஒருத்திக்கு ஒரு வழி, பையனுக்கு வேறு வழி. மென்மையாக இருக்கத் தெரியாமல் இல்லை, அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் கையில் இருந்தது.

அன்றிலிருந்து எந்த டெரர் இயக்குநர் கதையைக் கேட்டாலும் நான் டேக் எண்ணைக் கேட்பதில்லை. யார்மேல் என்றுதான் கேட்கிறேன். கட்டுக்கடங்காத கோபம் என்கிறார்கள். கட்டுக்கடங்காத வெள்ளம் பணக்காரன் வீடு, ஏழை வீடு பார்த்தா நுழையும்? இவர்கள் கோபம் விலாசம் பார்த்துத்தான் போகிறது.

வில்லியம் ஃபிரீட்கின் 'தி எக்சார்சிஸ்ட்' எடுத்தபோது செட்டில் திடீரென்று துப்பாக்கியால் சுட்டு நடிகர்களைத் திடுக்கிட வைப்பார். மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்று படுக்கையறை செட்டையே குளிர்பதனப் பெட்டியாக்கினார். அதெல்லாம் தொழில்நுட்பம் என்று விட்டுவிடலாம். வில்லியம் ஓ'மாலி நிஜமாகவே ஏசு சபைப் பாதிரியார், நடிகரே அல்ல. சாகக் கிடக்கிற நண்பருக்குக் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கிற காட்சியில் அவருக்குச் சரியாக வரவில்லை. என்னை நம்புகிறீர்களா என்று கேட்டுவிட்டு, ஃபிரீட்கின் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். உடனே கேமரா ஓடியது. படத்தில் நடுங்குகிற அந்தக் கை நடிப்பு இல்லை. தாயாக நடித்த எலன் பர்ஸ்டினை இடுப்பில் கயிறு கட்டிப் பின்னால் இழுக்கிற காட்சியில், ரொம்ப வேகமாக இழுக்கிறார்கள் என்று அவர் முன்கூட்டியே முறையிட்டிருக்கிறார். அடுத்த டேக்கில் விழுந்து வால் எலும்பில் அடிபட்டது. படத்தில் இருக்கும் அலறல் அந்த நிஜ அலறல்தான். முறையிட்ட பிறகும் இழுத்தார்கள் என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் உறுத்துகிற இடம்.

ஜேம்ஸ் கேமரூன் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 'தி அபிஸ்' எடுக்க அவருக்குக் கிடைத்த இடம் தென் கரோலினாவில் காஃப்னி என்கிற ஊரில் பாதியில் கைவிடப்பட்ட அணுமின் நிலையம். அணு உலைக்காகக் கட்டிய கான்கிரீட் கிண்ணத்தில் 70 லட்சம் கேலனுக்கு மேல் தண்ணீர் நிரப்பி, நடிகர்களையும் கேமராவையும் உள்ளே இறக்கினார். எட் ஹாரிஸ் ஒருமுறை மூழ்கிப்போகிற நிலைக்கு வந்தார். மேரி எலிசபெத் மாஸ்ட்ரான்டோனியோவுக்கு உயிர் திரும்ப வைக்கிற காட்சி. நெஞ்சில் குத்தி, கன்னத்தில் அறைந்து, நனைந்த உடம்போடு அவர் கிடக்க, பாதியில் கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. நாங்கள் மிருகங்கள் இல்லை என்று கத்திவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். யூனிட் ஆட்களே அந்தப் படத்துக்குக் கேலியாக வேறு பெயர்கள் வைத்தார்கள். பின்னாளில் கேமரூன் செட்டுகளில் "நான் ஜேம்ஸ் கேமரூனிடம் வேலை பார்க்கிறேன், என்னைப் பயமுறுத்த முடியாது" என்று அச்சடித்த டி-ஷர்ட்டே உலவியது. (நம் ஊரில் அப்படி ஒரு டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு செட்டுக்குள் நுழைந்தால் மறுநாள் பேட்டாவும் இல்லை, வேலையும் இல்லை.)

ஆனால் அந்தத் தொட்டிக்கு அடியில் எல்லோரையும் விட அதிக நேரம் இருந்தவர்களில் கேமரூனும் ஒருவர். ஒருமுறை அவருக்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனது. காப்பாற்ற வந்த முக்குளிப்பவர் வாயில் திணித்த கருவி பழுதாகி, மூச்சுக்குப் பதில் தண்ணீர் வந்தது. அவரைக் குத்தித் தள்ளிவிட்டு மேலே நீந்தி உயிர் பிழைத்தார். இதனால் எட் ஹாரிஸ் பட்டபாடு நியாயமாகிவிடாது. ஹாரிஸ் பிற்காலத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே விரும்பியதில்லை. ஆனாலும், மானிட்டருக்கு முன்னால் குடை பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவரைத் திட்டுகிறவருக்கும், தண்ணீருக்குள் கூடவே கிடக்கிறவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. லைட்மேன்கள் இதைத் துல்லியமாக அளப்பார்கள். "மனுஷன் கத்துவாரு, ஆனா கூட நிப்பாரு" என்று சிலரைப் பற்றி அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் பொள்ளாச்சி இயக்குநரைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் அறையில் தினமும் ஒரு முறையாவது ஒலித்த வாக்கியம்: "அவர்கிட்ட திட்டு வாங்கினவன் எல்லாம் இன்னைக்கு டைரக்டர்." திட்டு வாங்கி டைரக்டர் ஆகாதவர்களும் அதே அறையில்தான் படுத்திருந்தோம். அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அடி வாங்கினால்தான் வித்தை ஏறும் என்பதைப் பள்ளிக்கூட வாத்தியாரிலிருந்து மெக்கானிக் ஷெட் வரைக்கும் நம்புகிற ஊர் நம்முடையது. சினிமா மட்டும் எப்படித் தப்பும்?

எனக்கு அந்த நம்பிக்கையை ஆட்டியவர் அகிரா குரோசாவாவின் குரு. குரோசாவா 1936இல் தோக்கியோவில் பி.சி.எல். என்கிற ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். முதல் படத்தின் வேலையே வெறுத்துப்போய் ஓடிவிட நினைத்தவரைத் தடுத்து நிறுத்தியது யமமோட்டோ கஜிரோவின் குழு. யமா-சான் என்று அவரை அன்போடு நினைவுகூர்ந்து குரோசாவா தன் நினைவுக் குறிப்புகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்த மனிதர் என்ன செய்வார் தெரியுமா? தன் படத்தின் சில பகுதிகளை எடுக்கும் வேலையை உதவியாளர்களிடம் விடுவார். அவர்கள் எடுத்துவந்தது சுமாராக இருந்தாலும் தூக்கிப் போட மாட்டார், திட்டவும் மாட்டார். அப்படியே தன் படத்தில் சேர்த்துவிடுவார். படம் வெளியானதும் அவர்களைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய், இந்த இடத்தை இப்படி எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் இல்லையா என்று பொறுமையாகச் சொல்வார். உதவியாளர்களை வளர்ப்பதற்காகத் தன் படங்களையே பலி கொடுத்த மனிதர் என்று குரோசாவா எழுதுகிறார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மிகையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வரவில்லை. மற்ற மூன்று பேரையும் எழுப்பிப் படித்துக் காட்டினேன். ஒருவன் பாயில் புரண்டு படுத்தபடி, "ஜப்பான்ல சரி மச்சான்" என்றான்.

அவன் சொன்னதிலும் பாதிதான் உண்மை. ஏனென்றால் ஜப்பானில் அடுத்து நடந்ததும் எனக்குத் தெரியும். அந்த யமா-சானிடம் திட்டே வாங்காமல் வளர்ந்த குரோசாவா, யூனிட்டே பேரரசர் என்று பட்டப்பெயர் வைத்து அழைக்கிற ஆளாக ஆனார். 1957இல் வந்த 'த்ரோன் ஆஃப் பிளட்' படத்தின் முடிவில் நடிகர் தோஷிரோ மிஃபூனேமேல் அம்புமழை பொழியும். அவற்றில் பல நிஜ அம்புகள், எய்தவர்கள் நிஜ வில்லாளிகள். மிஃபூனே கையை வீசி வீசித் தடுமாறுவது நடிப்புக்காக மட்டும் இல்லை, அடுத்து எந்தப் பக்கம் நகரப் போகிறேன் என்று எய்பவர்களுக்குக் காட்டுகிற சைகையும் அதுதான். இருவரும் சேர்ந்த கடைசிப் படமான 'ரெட் பியர்ட்' இரண்டு வருடம் இழுத்தது. நிஜத் தாடி வேண்டும் என்று சொல்லிவிட்டதால் அவ்வளவு காலமும் மிஃபூனேவால் வேறு படத்தில் நடிக்க முடியவில்லை. சொந்தக் கம்பெனி வைத்திருந்தவர், கடனில் தள்ளாடினார். 16 படம் சேர்ந்து செய்தவர்கள் 1965க்குப் பிறகு ஒன்றுகூடச் செய்யவில்லை. ஆனாலும் ஒன்று: குரோசாவா அம்பு விட்டது தன்னுடைய உச்ச நட்சத்திரத்தின்மேல். சொம்பு பிடித்த அத்தைமேல் இல்லை. இது ஆறுதலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பேரரசருக்கும் மேலே ஆள் உண்டு. குரோசாவா 1968 டிசம்பரில் 'தோரா! தோரா! தோரா!' படத்தின் ஜப்பானியப் பகுதியைக் கியோத்தோவில் எடுக்கத் தொடங்கினார். அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனமான ஃபாக்ஸ் சில வாரங்களிலேயே அவரை வெளியே அனுப்பிவிட்டது. காசு போடுகிறவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவ்வளவுதான். பெர்ஃபெக்‌ஷனிஸ்ட், மேதை எல்லாம் மேலே பார்க்கும்போது செல்லாது. கீழே பார்க்கும்போதுதான் செல்லும்.

கீழே இருப்பவர்களில் என்னை மிகவும் குழப்புகிறவர் லியான் விட்டாலி. குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' படத்தில் நல்ல வேடத்தில் நடித்த இளம் நடிகர். 1975இல் படம் வெளியானபோது அவருக்கு நடிப்பில் நல்ல எதிர்காலம் இருந்தது. அதை விட்டுவிட்டு குப்ரிக்குக்கு உதவியாளராகப் போனார். டேனி லாய்டைத் தேடிக் கண்டுபிடித்ததும், படப்பிடிப்பு முழுக்க அந்தப் பையனோடு கூடவே இருந்து வசனம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பிறகு பிரிண்ட் சரிபார்ப்பு, ஒலி, விளம்பரம், பூனைக்குச் சாப்பாடு என்று எல்லாம். 1999இல் குப்ரிக் இறந்த பிறகும் அந்தப் படங்களைச் சீரமைக்கிற வேலையிலேயே காலம் தள்ளி, 2022இல் இறந்தார். அவரைப் பற்றி 2017இல் ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் உருக்குலைந்த முகத்தோடு உட்கார்ந்து தன் கஷ்டங்களைச் சொல்கிறார். சொல்லும்போது முகத்தில் பெருமை பொங்குகிறது. எனக்கு அந்த முகம் தெரியும். வளசரவாக்கம் அறையில் கண்ணாடிக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பட்டதெல்லாம் வீண் இல்லை என்று ஆக வேண்டுமானால், பட்ட இடம் பெரிய இடமாக இருந்தாக வேண்டும். அதற்குத்தான் 17ஐ நாற்பதாக்கினேன்.

திட்டாமல் எடுப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்லக் கதைதான் இருப்பதில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட் "ஆக்‌ஷன்" என்றுகூடக் கத்த மாட்டார், தொலைக்காட்சித் தொடரில் குதிரைமேல் நடித்த காலத்தில் அந்தக் கத்தலில் குதிரைகள் மிரண்டதைப் பார்த்து வந்த பழக்கம். 'ஷைனிங்'கில் சமையல்காரராக நடித்த ஸ்கேட்மேன் குரோதர்ஸ் எழுபதை நெருங்கிய வயதில் குப்ரிக்கிடம் டேக் மேல் டேக் வாங்கி நொந்தவர். அடுத்து ஈஸ்ட்வுட் படத்தில் நடிக்கப் போனார். முதல் டேக்கே ஓகே ஆனதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வார்கள்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த படத்தில் நான் இரண்டாவது உதவி இயக்குநர். கையில் வாக்கி, கழுத்தில் துண்டு. திருவிழாக் கூட்டம் எடுக்கிறோம். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் மூன்று முறை கேமராவைப் பார்த்துவிட்டார். என் அப்பாவை விட வயதானவர். "டேய், உனக்கெல்லாம் எவன் சான்ஸ் குடுத்தான்" என்று மைக்கில் கத்தினேன். வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். அன்றைய இயக்குநர் சாதுவான மனிதர், கோபம்கூடப் படவில்லை, என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் "சாரி சார்" என்றார். என்னை. அந்தப் படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்த நாளோடு நான் செட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். இதனால்தான் நிறுத்தினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் காரணம், கையில் காசில்லாததும் காரணம். இப்போது வீட்டில் உட்கார்ந்து படங்களுக்கு சப்டைட்டில் போடுகிறேன். யாரையும் திட்ட முடியாத வேலை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பொள்ளாச்சிப் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். அந்த வாசல் காட்சியில் இருந்தது பதினேழாவது டேக்தான், சொம்பைப் பிடித்திருந்த விரல்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். அபாரமாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சிந்தினார். நானும்தான். முதல் பத்து டேக்கில் அது இல்லை என்பது உண்மை. அந்த வசவுகள் இல்லாமல் பதினேழு வந்திருக்குமா என்பதற்கு என்னிடம் டேனி லாய்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஷெல்லி டுவாலுக்கு அந்த நடிப்புக்காக முதலில் கிடைத்தது கேலிதான். மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருது தொடங்கிய ஆண்டிலேயே அவர் பெயரை மோசமான நடிகைக்குப் பரிந்துரைத்தார்கள். 2022இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2021இல் டெக்சஸில் ஒதுங்கி வாழ்ந்த அவரைத் தேடிப் போன ஒரு பத்திரிகையாளர், அந்த மாடிப்படிக் காட்சியைச் செல்போனில் போட்டுக் காட்டினார். டுவால் அழுதுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, மூன்று வாரம் தினமும் அதையே எடுத்தோம் என்றார். அதே பேட்டியில், குப்ரிக் தன்னிடம் அன்பாகத்தான் இருந்தார் என்றும் சொன்னார். 2024 ஜூலையில் இறந்துபோனார். அந்த இரண்டு பதிலில் எது உண்மை என்று சிலர் இணையத்தில் சண்டை போடுகிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கேட்டிருக்கிறேன்.

2018 என்று நினைக்கிறேன். சாலிகிராமத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது. "கிளாப்பு தம்பிதானே?" எழுபதைத் தாண்டியிருந்தார், பல் இரண்டு போயிருந்தது. பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற வயதில் பேத்தி. நான் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார்.

"இந்தத் தம்பி இருந்தாரு அன்னைக்கு. இவரையே கேளு" என்று பேத்தியிடம் ஆரம்பித்தார். "அந்த சார் லேசுல விட மாட்டாரு. பெரிய ஆளு. ஒரு வரிக்கு என்னை முப்பது டேக் எடுத்தாரு. எங்கிட்டதான் அது இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் விடல." சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "இவரு பாவம், நான் கேட்டப்போ ஒன்பதுன்னு பொய் சொன்னாரு. எனக்குத் தெரியாதா? நான் விரல் விட்டுல்ல எண்ணிட்டிருந்தேன், சொம்புக்குப் பின்னால."

பேத்தி என்னைப் பார்த்தாள். "முப்பதா அங்கிள்?"

"முப்பதுக்கு மேலேயே இருக்கும்மா" என்றேன்.

பந்தியில் இடம் காலியானது. அந்த அம்மா என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.